பேயாக இருந்தவரைக்கும்

சோலாப்பூர்
12.6.2003

அன்புத் தங்கை கனகலட்சுமிக்கு,

அண்ணன் அசோக்குமார் எழுதுகிறேன். நான், உன் மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். முறுக்குக் கடையும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சத்துணவு அடுப்படியில் நீயே போய் நிற்காதே. நீ அமைப்பாளர், சமைப்பதற்கு ஆயாம்மா இருக்கிறாள்.

விஷயம் இதுதான். 1966இல் நம் வீட்டில் வைத்து ‘மேல்மாடி விளக்கு’ எடுத்தார்களே, அதை இப்போது புதிதாக எடுக்கப் போகிறார்களாம். கார்த்திகேஷ் என்று ஒரு பையன், மதுரை சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, முதல் படமாம். கடைக்குப் போன் செய்தான். அதே வீடுதான் வேண்டும் என்கிறான். ஐந்து வாரம். ஒழுகுகிற மாடியை அவர்களே பூசித் தந்துவிடுவார்களாம்.

முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். அந்தப் படத்தால் நாம் பட்டது போதாதா? ஊரே ‘பேய் வீடு’ என்றது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, யார் வீடு என்று விசாரித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். அப்புறம் யோசித்தேன். இந்தக் காலத்துப் பையன்கள் பேய்ப்படம் எடுத்தால் எவன் பயப்படுவான்? சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலாவது வீட்டுக்குப் பிடித்த பெயர் விட்டுப் போகட்டுமே. என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அண்ணன் அசோக்குமார்


மேலப்புதூர்
உசிலம்பட்டி வழி
25.6.2003

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

கனகலட்சுமி எழுதுவது. இங்கே நானும் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்து நடக்கிறோம். மதினிக்குச் சர்க்கரை குறைந்ததா? கடையில் உட்கார்ந்து நொறுக்குகிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

அவர்கள் வரட்டும். மாடி ஒழுகி என் கட்டில் இப்போது கூடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக நான் சம்மதிக்கவில்லை. படம் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டால் நான் எங்கே போவேன்?

உங்களுக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பா மகன் பேயாண்டி அண்ணன் நாலு மகன்களைப் பெற்று, ஓட்டு வீட்டில் இடித்துக்கொண்டு கிடக்கிறார். நம்முடையது ஊரிலேயே பெரிய காரை வீடு, அதில் நான் ஒற்றை ஆள். அவர் ஏன் இதுவரை பாகம் கேட்கவில்லை? பெயரில்தான் பேய் இருக்கிறதே தவிர, மனுஷனுக்குப் பேய் என்றால் உயிர் போய்விடும். வாசற்கதவைத் தாண்டி ஒரு நாள் வந்ததில்லை. அவர் சம்சாரம் மாயக்காள் மதினி பொங்கல் சோற்றைச் சுவருக்கு மேலாகத்தான் நீட்டுவாள். ராத்திரி திருடன் வருவதில்லை, குடித்தவன் வருவதில்லை. கல்யாணம் ஆகாத பொம்பளை தனியாகக் கிடக்கிறாளே என்று ஒருத்தன் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வீட்டில் என்னை வைத்திருப்பது அந்தப் பேய்தான் அண்ணே. அது போகக் கூடாது.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. இங்கே இருக்கிற ஒரே போன் பூத் பேயாண்டி அண்ணனின் மூத்த மகன் மலைச்சாமியுடையது. ஆகவே கடிதம்.

தங்கை,
கனகலட்சுமி


சோலாப்பூர்
20.7.2003

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். மதினி நொறுக்குவதை நிறுத்தவில்லை, நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே வந்து எங்களோடு இருந்துவிடு என்று எத்தனை தடவை எழுதினேன். சரி, பையனை வரச் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எதிர்பார்த்து ஏமாறாதே. பழைய படத்தில் என்ன இருந்தது? மேல்மாடி ஜன்னலில் ஒரு லாந்தர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும். அவ்வளவுதான். பேயின் முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை. லாந்தரைத் தூக்கிக்கொண்டு நடந்தது லைட் தூக்க வந்த ஆள், முழங்கால்வரை கைலி கட்டியிருந்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படிப் பார்த்த நானே கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டேன். இவர்கள் கம்ப்யூட்டரில் பேயைப் பறக்கவிடுவார்கள். பறந்தால் பயம் போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்


மேலப்புதூர்
18.9.2003

அண்ணனுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். வீட்டில் அறுபது பேர். பேனாவைத் தேடினால்கூட யாராவது ஒருத்தன் அதை வைத்து லைட்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான்.

கார்த்திகேஷ் தம்பி நல்ல பிள்ளை. என்னை ஆன்ட்டி என்கிறது. வாய் ஓயாமல் பேசும், பேசும்போதே நகத்தைக் கடிக்கும். கையிலிருந்த காசையெல்லாம் இதில் போட்டுவிட்டதுபோல் முகம். நீங்கள் எழுதிய லாந்தர் விஷயத்தைச் சொன்னேன். “அந்த ஷாட்டை நூறு தடவை பார்த்திருக்கேன் ஆன்ட்டி. ஆனா இப்ப முகத்தைக் காட்டலைன்னா, பேயே இல்லாத பேய்ப்படம்னு டிக்கெட்டைக் கிழிச்சு எறிஞ்சிருவாங்க” என்றது.

முதல் நாள் பேயாக நடிக்க வந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலை கட்டி, மேல்மாடிப் படியில் இறங்கவிட்டார்கள். நான் கூடத்தில் நின்று பார்த்தேன். சோப்புத் தூள் விளம்பரம் மாதிரி இருந்தது. தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. “ஆன்ட்டி, வெள்ளைச் சேலைன்னா இப்ப காமெடி. என்ன கட்டிவிட்டா நீங்க பயப்படுவீங்க?” என்று கேட்டது.

மாடிக்குப் போனேன். விட்டத்திலிருந்து தங்கப்பொண்ணு அத்தையின் ஓலைப்பெட்டியை இறக்கினேன். அதிலிருந்த சித்தாடையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். காதோலையும் கருகமணியும் சேர்த்து. முகத்துக்கு மஞ்சள் எப்படிப் பூச வேண்டும், தலையை எப்படிப் பின்ன வேண்டும் என்பதையும் நானே காட்டினேன். அந்தப் பெண் கட்டிக்கொண்டு படியில் இறங்கியபோது லைட் பிடித்திருந்தவனே இரண்டு எட்டு பின்வாங்கினான். எனக்கும் மயிர் கூச்செறிந்தது. படம் நிற்கும் அண்ணே.

தங்கை,
கனகலட்சுமி


சோலாப்பூர்
27.9.2003

கனகலட்சுமிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? அது என்ன நாடகக் கம்பெனிப் பெட்டியா? அப்பாவின் கூடப்பிறந்தவள், பதினாறு வயதில் கன்னியாகச் செத்தவள். தைப்பொங்கலுக்கு மறுநாள் புதுச் சித்தாடை வைத்துக் கும்பிட்டு, அடுத்த வருஷம்வரை வேறொருவர் கைபடாமல் விட்டத்தில் வைப்பது நம் வீட்டு வழக்கம். பங்காளிகள் பேய்க்குப் பயந்து அந்தக் கும்பிடுக்கு வராமல் விட்டு எத்தனையோ வருஷமாகிறது. நீயாவது செய்கிறாயே என்று நினைத்திருந்தேன். அதைப் போய் கூலிக்கு நடிக்கிற பெண்ணின் உடம்பில் சுற்றியிருக்கிறாய்.

உடனே வாங்கி வை.

அசோக்குமார்


மேலப்புதூர்
30.10.2003

அண்ணனுக்கு வணக்கம்.

தீபாவளி நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் ஆயாம்மாவோடு பணியாரம் சுட்டுச் சாப்பிட்டேன்.

சித்தாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மதுரையில் டிரை கிளீனிங் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வந்தது. பெட்டியைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. அத்தை மூக்கைச் சுளித்திருப்பாள்.

நீங்கள் திட்டியது சரி. ஆனாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அத்தை இந்த வீட்டில் எனக்குக் காவல். கூப்பிட்டேன், வந்தாள். மாடி பூசிக் கொடுத்துவிட்டார்கள், ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை.

தங்கை,
கனகலட்சுமி


சோலாப்பூர்
24.1.2004

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். பழைய கோபம் வேண்டாம், விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் படம் வந்ததே, அதை இங்கேயே பார்த்துவிட்டேன். தாராவியிலிருந்து ஒருவன் திருட்டு விசிடி கொண்டுவந்தான். முன்னால் உட்கார்ந்தவன் தலையும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டுக்கொள். தோல்வி. கதவு திறந்தால் இடி இடிக்கிறது, பூனை குதித்தால் இடி இடிக்கிறது, கதாநாயகன் தண்ணீர் குடித்தாலும் இடி இடிக்கிறது. சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதற்குப் பெயர் பயம் இல்லை. பழைய படத்தில் அந்த லாந்தர் போகும்போது ஒரு சத்தமும் இருக்காது, கொட்டகையில் பக்கத்து ஆளின் மூச்சு கேட்கும். இதில் வீட்டையும் என்னவோ பச்சை நிறமாக்கிவிட்டார்கள். நம் வீடு என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன், நம்பவில்லை.

அத்தையின் சித்தாடை வந்த இடத்தில் மட்டும் நான் எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன். நீ கொட்டகைக்குப் போனாயா? உனக்கு எப்படி இருந்தது? பயந்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன்


மேலப்புதூர்
16.2.2004

அண்ணனுக்கு,

நான் நலம் என்று எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைக்கு நான் போகவில்லை. ஊரே பார்த்து வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். முதலில் போனது மாயக்காள் மதினிதான். அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

உசிலம்பட்டிக் கொட்டகையில் புது சவுண்டு வைத்திருக்கிறார்கள். அரைமணி நேரம் எல்லோரும் நன்றாகவே அலறியிருக்கிறார்கள். அப்புறம் மாடிக்கதவு திறந்து, அந்தப் பெண் மஞ்சள் முகமும் சித்தாடையும் கருகமணியுமாகப் படியில் இறங்கியிருக்கிறாள். பெண்கள் வரிசையில் ஒருத்தி எழுந்து, “ஏ, பேயில்லடி, இது கன்னிடி! வீட்டுக்கன்னி வாராடி!” என்றிருக்கிறாள். அவ்வளவுதான், குலவை. ஒரு வரிசை விட்டதும் அடுத்த வரிசை. ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். யாரோ சூடம் கொளுத்த, மானேஜர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்திருக்கிறார். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் ஒரு கன்னியும் ஒரு பெட்டியும் உண்டு என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அத்தை வேறு, பேய் வேறு என்று என்றைக்குமே இருந்ததில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்குத் தேங்காய் பழத்தோடு வருகிறார்கள். ஒரு மாதமாக ஓடுகிறது. கார்த்திகேஷ் தம்பி காரைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தது. “ஆன்ட்டி, மதுரையில அலறுறாங்க, திருச்சியில அலறுறாங்க. இங்க மட்டும் ஏன் கும்பிடுறாங்க? நான் எடுத்தது பேய்ப்படம்” என்றது. அதற்கு அழுகையே வந்துவிட்டது. நான் மோர் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேயாண்டி அண்ணன் வந்தார். சுவர்ப்பக்கம் இல்லை, வாசல் வழியாக. செருப்பை வெளியில் விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நேராகக் கூடத்துக்கு வந்து மாடியைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். பின்னால் நாலு மகன்கள்.

“ஏத்தா கனகம், நம்ம அத்தைய இம்புட்டு நாளா நீ ஒருத்தியா வச்சுக் கும்பிட்டிருக்க. எங்களுக்கும் அத்தைதானத்தா?” என்றார்.

பேயாக இருந்தவரைக்கும் அத்தை எனக்கு மட்டும் சொந்தம். சாமியானதும் பங்காளி அத்தனை பேருக்கும் சொந்தமாகிவிட்டாள். மலைச்சாமி வாசலில் நின்றபடியே எத்தனை பேர் உட்காரலாம் என்று கூடத்தை அளந்துகொண்டிருந்தான்.

பங்காளிகள் கூடிப் பேசப் போகிறார்களாம். உங்களிடமும் கேட்பார்கள். அது குடியிருக்கிற வீடு, தங்கச்சி இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

தங்கை,
கனகலட்சுமி


மேலப்புதூர்
12.3.2004

அண்ணனுக்கு,

சுகமா? போன கடிதம் கிடைத்ததா?

கூட்டம் முடிந்தது. வீட்டைக் கன்னி கோயிலாக்கி, பங்குனியில் பொங்கல் வைப்பதாகப் பேசியிருக்கிறார்கள். சாமி இருக்கிற இடத்தில் பொம்பளை குடியிருந்தால் தீட்டாம். “சாமியும் பொம்பளைதானண்ணே?” என்று கேட்டேன். பேயாண்டி அண்ணன் பஞ்சாங்கத்தைப் புரட்டப் போய்விட்டார். எனக்கு அதெல்லாம் நின்று ஒரு வருஷமாகிறது. அதை அத்தனை ஆம்பளைகள் நடுவில் நின்று எப்படிச் சொல்வது?

உங்களிடம் போனில் பேசிவிட்டதாக மலைச்சாமி சொல்கிறான். என்ன பேசினீர்கள் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். நீங்கள் எழுதுங்கள்.

கனகலட்சுமி


சோலாப்பூர்
20.4.2004

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் ஒன்றும் சிரமமில்லை. மதினி உன்னை விசாரித்தாள்.

பொங்கல் நடந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எத்தனை அடுப்பு, எத்தனை ஜனம்! முப்பது வருஷமாக நான் இந்த ஊரில் மதராஸி முறுக்குக்காரன், நம் ஊரில் பிழைக்கப் போனவன். பேயாண்டி அண்ணன் எனக்கு முதல் மரியாதை செய்து, என் தலையில் பரிவட்டம் கட்டுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். போட்டோ எடுத்துக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

நீ பின்னால் அடுப்புப் பக்கம் நின்றதைப் பார்த்தேன். கூட்டத்தில் பேச முடியவில்லை. உனக்கு உசிலம்பட்டியில் ரூம் பார்த்துக் கொடுத்துவிட்டதாக மலைச்சாமி சொன்னான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கம்தானாமே, முழங்காலுக்கு நல்லது.

வெயில் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


உசிலம்பட்டி
11.7.2004

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சுற்றி வந்து சேர்ந்தது. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. ரூம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இல்லை, டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன்.

ஜனவரியில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை படம் பார்த்தேன். சுற்றி அடித்துவிட்டு மறுபடி இங்கே வந்திருக்கிறது, பகல் காட்சி மட்டும். இப்போது யாரும் சூடம் கொளுத்துவதில்லை. கும்பிடுவதற்குத்தான் வீடே இருக்கிறதே. நாற்பது பேர் இருந்தோம், பாதிப் பேர் தூங்கினார்கள்.

நீங்கள் சொன்னது சரிதான். இடி அதிகம். பேய் பறக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தாடை கட்டிக்கொண்டு அந்தப் பெண் படியில் இறங்கியபோதும் பயமில்லை, பின்னலை நான் சொன்ன மாதிரி பின்னவில்லை என்றுதான் பட்டது.

கடைசியில் பொழுது விடிகிறது. பேய் போய்விட்டது என்கிறான் கதாநாயகன். அப்போது வீட்டை ஒவ்வொரு அறையாகக் காட்டுகிறார்கள். கூடம், அடுக்களை, மாடி அறை. படப்பிடிப்புக்காக என் கட்டில், தையல் மெஷின், அரிசிப்பானை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு எடுத்த போட்டோ எல்லாவற்றையும் தூக்கிப் பின்கட்டில் போட்டிருந்தார்கள். எந்த அறையிலும் ஒன்றுமில்லை. நான் பிறந்து, நாற்பத்தாறு வருஷம் இருந்த வீடு. ஒருத்தி அங்கே இருந்தாள் என்று சொல்ல அடுப்பில் ஒரு கரித்துண்டுகூட இல்லை. அந்த இடத்தில் இடியும் இல்லை, பாட்டும் இல்லை.

ஐயோ என்று கத்திவிட்டேன் அண்ணே. முன்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் எழுந்து, “படமே முடியப்போகுது, இப்பப் போயி அலறுதே இந்தம்மா” என்று சிரித்தான். விளக்குப் போட்டதும் எழுந்துவிட்டேன். வெளியே சோடா வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆகவே பயந்தேன். பழைய படத்துக்குப் பயந்ததைவிட அதிகமாகவே பயந்தேன். கார்த்திகேஷ் தம்பியின் போன் நம்பர் உங்களிடம் இருந்தால், படம் நன்றாக இருந்தது என்று ஆன்ட்டி சொன்னதாகச் சொல்லுங்கள். பாவம், அதனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இனிமேல் மேலப்புதூர் விலாசத்துக்குக் கடிதம் போடாதீர்கள். அங்கே வாங்க ஆள் இல்லை.

தங்கை,
கனகலட்சுமி